அரங்கு நிறைந்த காட்சி

தட்டினால் வெற்றுப் பெட்டியைத் தட்டியது போல 'டொக்'கென்று கேட்க வேண்டும். கேட்கவில்லை.

தம்பி இன்னொரு முறை தட்டிப் பார்த்தான். மேடையின் நடுவே கூரையை முட்டிக்கொண்டு நின்ற அந்தப் பெரிய குவியலை, இடுப்பு உயரத்தில், கதவைத் தட்டுகிற மாதிரி விரலை மடக்கித் தட்டினான். திரும்பி வந்தது மந்தமான, அடைத்துக்கொண்ட சத்தம். பக்கவாட்டில் போய்த் தட்டினான், முக்காலி மேல் ஏறித் தட்டினான், குனிந்து காலடியில் தட்டினான். எங்கே தட்டினாலும் அதே கதைதான்.

அது அவன் கையால் செய்த குவியல். நாடகங்களுக்கு மேடை அமைக்கும் தச்சன் அவன். பார்க்கிறவர்கள் கண்ணுக்கு, ஒரு வீட்டில் பல வருஷமாகச் சேர்ந்துபோன பழைய பேப்பரும், கால் உடைந்த நாற்காலியும், ஓடாத கடிகாரமும், என்ன இருக்கிறதென்றே தெரியாத மூட்டைகளும் மலையாக ஏறி நிற்பதாகத் தெரியும். உண்மையில் உள்ளே ஒன்றும் கிடையாது. மரச்சட்டம், சட்டத்தின்மேல் கம்பி வலை, வலைமேல் பசை போட்டு ஒட்டிய பேப்பர், அங்கங்கே ஆணியடித்துத் தொங்கவிட்ட சாமான், அவ்வளவுதான். கடைசிக் காட்சியில் குவியல் சரிவது போலக் காட்ட ஒருவர் உள்ளிருந்து கயிற்றை இழுக்க வேண்டும். அதற்காகச் சட்டங்களுக்கு நடுவே, பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வரை தவழ்ந்து போக ஒரு வழி விட்டிருந்தான். அந்த வழிக்கு அவன் டேப் வைத்து அளக்கவில்லை. உள்ளே போகப்போவது தான்தானே என்று தன் தோளை வைத்தே அளந்துகொண்டான்.

நேற்று சாயங்காலம் கிளம்பும்போது தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனான். அப்போது காலியாக இருந்தது. விடிவதற்குள் யாரோ அடைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, அண்ணனைத் தவிர வேறு யாருக்கு இந்தப் புத்தி வரும்?

நாடகத்தை எழுதியவன் அண்ணன். இயக்குபவனும் அவன்தான், முக்கிய வேஷமும் அவனுக்குத்தான். ஒரு வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வாழும் இரண்டு சகோதரர்களின் கதை. அந்த வீட்டுக்குள் வருகிற எதுவும் வெளியே போகாது. தெரிந்தவர்கள் படித்தால் இதில் பாதி கதையே இல்லை என்று சொல்லிவிடுவார்கள். அப்பா அம்மா போன பிறகு அண்ணன் அந்தப் பழைய வீட்டில் தனியாகத்தான் இருந்தான். தனியாக என்று சொல்வதும் தப்பு; பேப்பரோடு இருந்தான், பாட்டிலோடு இருந்தான், அடுத்தவர்கள் தெருவில் போட்ட மெத்தையோடு இருந்தான். வாசலிலிருந்து சமையல்கட்டுக்குப் போக உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ள வேண்டும். ஒரு நாள் தம்பி பொறுமையிழந்து, "இந்தக் குப்பையிலேயே கிடந்து சாவு" என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்து சாத்தியவன்தான். அதன் பிறகு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தம்பி கல்யாணத்துக்கு அண்ணன் வரவில்லை. தம்பிக்குப் பெண் பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தும், பெரியப்பா முகத்தை அவள் போட்டோவில்தான் பார்த்திருந்தாள்.

இந்த வருஷம் திடீரென்று போன். "நாடகம் ஒண்ணு எழுதியிருக்கேன்டா. மேடை நீ போடுவியா?" அவ்வளவுதான் கேட்டான் அண்ணன். தம்பிக்கு அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. "மாடி ரூம் சும்மாதானே கிடக்கு, நாடகம் முடிஞ்சதும் கையோட கூட்டிட்டு வந்துடுங்க. வயசான காலத்துல அங்க என்ன தனியா" என்று மனைவிதான் சொன்னாள். அறையைப் பெருக்கி, கட்டிலில் புது விரிப்பும் போட்டுவிட்டாள்.

அதனால் தம்பி ஒரு தந்திரம் செய்தான். குவியலுக்கு வேண்டிய பேப்பரையும் தட்டுமுட்டுச் சாமானையும் வெளியே தேடாமல் அண்ணன் வீட்டிலிருந்தே வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டு வந்தான். மேடையும் நிறையும், வீடும் காலியாகும். கடைசி ஆட்டம் முடிந்ததும் அத்தனையும் பழைய பேப்பர் கடைக்கு, அண்ணன் மாடி அறைக்கு. பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்துத்தான் போனான். அண்ணனோ, "எடுத்துக்கோடா, நாடகத்துக்குத்தானே" என்று சொல்லி, தானும் ஒரு கை பிடித்து வண்டியில் ஏற்றினான். வீடு காலியானபோது அவன் முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை. இதைவிடப் பெரிய இடம் கிடைத்துவிட்டவன் மாதிரி இருந்தான். தம்பி அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டான் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அண்ணன் மேக்கப் அறையில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, உள்ள என்னத்தை அடைச்சு வச்சிருக்கே?"

"எதுக்குள்ள?"

"நடிக்காதே, அதுக்குச் சாயங்காலம் இருக்கு. குவியலுக்குள்ளதான்."

அண்ணன் திரும்பவில்லை. கண்ணாடிக்குள்ளிருந்தே தம்பியைப் பார்த்துச் சிரித்தான். "நான் ஒண்ணும் வைக்கலடா. அதுவா சேருது. நம்ம வீட்டுலயும் அப்படித்தான். நான் சொன்னா நீ எங்க நம்பினே?"

"முதல் ஆட்டம் இன்னிக்கு. சட்டம் வெயிட் தாங்காம மேல விழுந்தா யார் பதில் சொல்றது?"

"விழாது." அண்ணன் முகத்தில் பவுடரை ஒற்றிக்கொண்டான். பஞ்சைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "அரங்குல இருக்கிற இந்த சீட்டெல்லாம் தானா மடங்கும் தெரியுமா? ஆள் எழுந்ததும் டப்புன்னு ஒரு சத்தம் வரும். இத்தனை வருஷமா மேடையில நின்னு வசனம் பேசும்போதெல்லாம் என் காது அங்கதான்டா இருக்கும். இருட்டுல ஒரு டப். போயிட்டான் ஒருத்தன். இன்னொரு டப். வீட்டுக்குப் போனாலும் காதுக்குள்ள அதேதான். அன்னிக்கு நீ கதவைச் சாத்திட்டுப் போனியே, அதுவும் அப்படித்தான் கேட்டுச்சு."

மன்னித்துக்கொள் என்று தம்பி சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தான். அண்ணன் தம்பிக்குள் அந்த மாதிரிப் பேச்சு பழக்கமில்லாததால், "இன்னிக்கு என் வீட்டுக்காரியும் பொண்ணும் வர்றாங்க. முன் வரிசையில ரெண்டு சீட்டு எடுத்து வை. பெரியப்பாவைப் பார்க்கணும்னு ஒரே அடம்" என்று சொன்னான்.

அண்ணன் இப்போதுதான் திரும்பிப் பார்த்தான். "கண்டிப்பா வைக்கிறேன். நல்ல சீட்டா வைக்கிறேன்."

மேடைக்குத் திரும்பினால், ஏணி உச்சியில் லைட் அக்கா. விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். குழுவில் எல்லாருக்கும் அவள் அக்காதான்.

"ஏன் தம்பி, உன் குப்பைக்கு ராத்திரி சாப்பாடு ஏதாவது போடுறியா? வளர்ந்துகிட்டே போகுதே!"

"என்னக்கா?"

"இந்த வெளிச்சத்தைப் பாரு. நேத்து தரையில விழுந்துச்சு. இன்னிக்குப் பேப்பர் மேல விழுது. நான் லைட்டைத் தொடவே இல்லை. பெத்த பிள்ளை வளர்ந்தாலும் சந்தோஷப்படலாம், இதுக்கெல்லாம் யாரு சட்டை தைக்கிறது?"

தம்பியும் சிரித்துவைத்தான். ஆனால் கண் தரைக்குப் போனது. சட்டம் எங்கே நிற்க வேண்டும் என்று மேடையில் அவன் வெள்ளை டேப் ஒட்டியிருந்தான். குவியலைச் சுற்றி ஒரு சாண் தள்ளி ஓட வேண்டிய கோடு அது. முழங்கால் போட்டுத் தேடினான். டேப் குவியலுக்கு அடியில் போயிருந்தது. அவன் ஒட்டாத பேப்பர், அவன் ஏற்றாத மூட்டை, அவன் பார்த்தே இராத ஒரு குழந்தை நாற்காலி எல்லாம் கோட்டைத் தாண்டி வந்து நின்றன.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். தம்பி போகவில்லை. பிளேடை எடுத்துக்கொண்டு குவியலின் பின்பக்கம் போனான். ஜனங்கள் பார்க்காத பக்கம் என்பதால் அங்கே பேப்பர் ஒரு சுற்றுதான் ஒட்டியிருந்தான். சட்டம் தாங்குமோ என்ற பயத்தில் தவழும் வழிக்குள் நுழையாமல், அதற்குப் பக்கத்தில் கிழித்து, வலையை வெட்டி, இரண்டு கையாலும் மடக்கித் திறந்தான்.

வாசனைதான் முதலில் வந்தது. பழைய பேப்பரின் புழுங்கல் நெடி இருக்கும் என்று தெரியும், அது இருந்தது. ஆனால் அதற்குப் பின்னாலிருந்து வேறொன்று வந்தது: தலைக்கு எண்ணெய் வைத்தவர் படுத்து எழுந்த தலையணையின் வாசனை, காற்றில்லாத அறையில் நிறையப் பேர் தூங்கினால் விடிகாலையில் இருக்குமே, அந்த வாசனை. உள்ளே இருட்டாக இருந்தது. போன் வெளிச்சத்தை நீட்டினான். கட்டுகள். பேப்பரைச் சுற்றி, கயிறு போட்டு இறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டி நிற்கவைத்த உயரமான கட்டுகள். படுக்கவைத்து அடுக்கினால் இடம் மிச்சமாகும். எதற்கு இப்படி நிற்கவைத்திருக்கிறான் என்றுதான் தச்சன் மூளை முதலில் யோசித்தது.

கையை வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது.

வைக்கோல் போர் உள்ளுக்குள்ளேயே சூடேறும், குப்பைக் குழியும் சூடேறும், பேப்பரை இப்படி அடைத்தால் அதுவும் சூடேறத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சத்தமாகவே சொல்லிக்கொண்டான். தைரியமாக இரண்டு கட்டுகளுக்கு நடுவே கையை நுழைத்து, கயிற்றைப் பிடித்து இழுக்கப் போனான். இழுக்கவே இல்லை. அதற்குள் அந்தக் கட்டு கொஞ்சம் நகர்ந்து அவன் கைக்கு இடம் விட்டது. பஸ்ஸில் நாம் உட்கார வந்தால் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து கொள்வாரே, அப்படி.

தம்பி எப்படி மேடையின் ஓரத்துக்கு வந்தான் என்று அவனுக்கே தெரியாது. "அக்கா!" என்று கூப்பிட்டான். மேடையில் ஏணி நின்றது. ஏணிக்குக் கீழே அக்காவின் செருப்பு, ஏறும்போது கழற்றி வைத்த மாதிரியே, ஜோடியாக இருந்தது. மேலே ஆள் இல்லை. சாப்பிடப் போனவள் செருப்பில்லாமலா போவாள்? "அக்கா!" என்று மறுபடி கூப்பிட்டான். மற்றவர்கள்கூட இன்னும் திரும்பவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெளிவாசலில் பேச்சுக்குரல் இல்லை, டம்ளர் சத்தம் இல்லை, ஒன்றும் இல்லை.

நாடகம் நாசமாய்ப் போகட்டும். அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாவது கிளம்பிவிட வேண்டும். அதற்கு முன்னால் மனைவியும் பெண்ணும் இங்கே வந்துவிடக் கூடாது. மனைவிக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டான். எடுத்தார்கள்.

"கிளம்பிடாதீங்க. கேக்குதா? பாப்பாவைக் கூட்டிட்டு வந்துடாதே. நாடகம் இல்லை. நான் வந்து சொல்றேன்."

பேப்பரை யாரோ மெதுவாக மடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு மடிப்பு. இன்னொரு மடிப்பு. பிறகு இணைப்பு அறுந்துபோனது.

அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்திலிருந்து வெளியே போக எத்தனை முறை முயன்றானோ. பின்வாசல் திறக்கவில்லை, தள்ளினால் கொஞ்சம் உள்வாங்கி மறுபடி நிமிர்ந்தது, அந்தப் பக்கம் மெத்தை மெத்தையாக எதையோ அண்டக் கொடுத்த மாதிரி. மேக்கப் அறையில் அண்ணன் இல்லை, ஜன்னலும் இல்லை. ஜன்னல் இருந்த இடத்தில் மூட்டைகள் இருந்தன. கத்தினான். குரல் எங்கேயும் போய் மோதித் திரும்பவில்லை. காலியான அரங்கில் கத்தினால் எதிரொலிக்கும் என்று அவனுக்குத் தெரியும், இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருப்பவன். இங்கே சத்தத்தை, போன இடமே உறிஞ்சிக்கொண்டது.

சாயங்காலம் முதல் மணி அடித்தது.

அண்ணன் வேஷத்தோடு மேடையின் ஓரத்தில் நின்றான். அழகாக இருந்தான். தம்பி ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தான்.

"அண்ணே, வா போயிடலாம். எல்லாத்தையும் விட்டுட்டு வா. வீட்ல உனக்கு ரூம் இருக்குடா. கட்டில் போட்டு வச்சிருக்கா." 'டா' போட்டதுகூட அவனுக்குத் தெரியவில்லை. அழுதுகொண்டிருந்தான்.

"இப்போ போனா எப்படிடா? கூட்டம் வந்தாச்சே."

"யார் வந்தாச்சு? அவங்க வரலைல்ல? சொல்லு!"

"மத்தியானமே வந்துட்டாங்கடா." அண்ணன் தம்பியின் கன்னத்தைத் துடைத்துவிட்டான், சின்ன வயதில் செய்வது போலவே. "உன் பொண்ணு அப்படியே உன் ஜாடை. ஒரு நிமிஷம் உட்காரமாட்டேன்னு ஒரே ஆட்டம். இப்போ உட்கார்ந்துட்டா."

இரண்டாவது மணி.

தம்பி அரங்குக்குப் போகும் பக்கக் கதவுக்கு ஓடினான். கதவைத் திறந்தான். கதவின் முழு உயரத்துக்கும் கட்டுகள். மேடையின் எதிர்ப்பக்கக் கதவுக்கு ஓடினான். அங்கேயும். மேடையின் இரண்டு ஓரத்தையும் குவியல் வளர்ந்து சுவரோடு அடைத்திருந்தது. அண்ணன் எப்போது முன்னால் போனான், எப்படிப் போனான், தெரியவில்லை. திரை விலகும் சத்தம் கேட்டது. குவியலுக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணனின் குரல், கணீரென்று, முதல் வசனத்தைத் தொடங்கியது.

முன்னால் போக ஒரே வழிதான் இருந்தது. அவன் தன் தோளை வைத்து அளந்த வழி.

குனிந்தான். தலையை நுழைத்தான். தோளை நுழைத்தான்.

தோள் இடித்தது. இரண்டு பக்கமும் வெதுவெதுப்பு. பேப்பர் கன்னத்தில் உரசியது. முழங்கையால் ஊன்றி, உடம்பை இழுத்து, மறுபடி ஊன்றினான். அண்ணனின் வசனம் சட்டத்தின் வழியாக அதிர்ந்து வந்தது. அந்த அதிர்வுக்கு அடியில் இன்னொரு அசைவு. மெல்ல விரிந்து, மெல்லச் சுருங்கி. இடது பக்கம் ஒன்று. வலது பக்கம் ஒன்று. மேலே.

மூச்சு.

தன் மூச்சை அடக்கிப் பார்த்தான். அது நிற்கவில்லை.

ஊன்றினான். இழுத்தான். எங்கோ காதுக்குப் பக்கத்தில் ஒரு கட்டு லேசாக இருமியது. நாடகம் நடக்கும்போது சத்தம் வரக்கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு இருமுவார்களே, அப்படி. தம்பி கத்த வாயைத் திறந்தான். வாய்க்குள் பேப்பர் தூசி. பாப்பா. அதை மட்டும் நினைத்தான். பாப்பா. ஊன்றினான். கயிறு கையில் தட்டுப்பட்டது. விட்டுவிட்டான். முன்னால் வெளிச்சம். விரல் அளவு. கை அளவு.

உடைத்துக்கொண்டு வெளியே விழுந்தான்.

மேடை. கண்ணைப் பறிக்கும் விளக்குகள். அவற்றுக்கு அப்பால் அரங்கு, கறுப்பாக. ஒன்றும் தெரியவில்லை. எவ்வளவு நேரம் உள்ளே தவழ்ந்தானோ, அண்ணன் நடுவில் நின்று, அந்தக் கறுப்பைப் பார்த்து, நாடகத்தின் கடைசி வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"கதவைச் சாத்துடா தம்பி. எல்லாரும் வந்தாச்சு."

அமைதி. தொண்டையைச் செருமுகிற சத்தம் இல்லை. கால் மாற்றிப் போடுகிற சத்தம் இல்லை. எங்கேயும் ஒரு சீட்டுகூட மடங்கவில்லை.

"பாப்பா!" என்று கத்தினான் தம்பி.

அப்போதுதான் கைதட்டல் எழுந்தது. எலும்பும் சதையும் மோதுகிற சத்தமில்லை. உலர்ந்த சத்தம். சரசரவென்று பின் வரிசையில் தொடங்கி, நடுவுக்கு வந்து, முன்னால் பரவியது. மேடை விளக்குகள் தாமாகத் தணிந்தன. அரங்கு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

வரிசை வரிசையாக எல்லா சீட்டிலும் ஒரு கட்டு. நேராக, கயிறு போட்டு, மேடையைப் பார்த்து. நடைபாதை முழுக்க, கதவுகள் வரைக்கும், கூரை வரைக்கும். ஒரு சீட்டும் காலி இல்லை. ஒவ்வொரு கட்டிலும் இரண்டு பக்கத்துப் பேப்பரும் உயர்ந்து, ஒன்றோடொன்று அடித்து, விலகி, மறுபடி அடித்துக்கொண்டன.

அண்ணன் தம்பியின் கையைப் பிடித்துத் தூக்கினான், ஆட்டம் முடிந்து கூட்டத்தை வணங்கும் நடிகர்களைப் போல. அவன் கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"பார்த்தியாடா?" என்றான். "ஒருத்தர்கூட எழுந்திருக்கலை."

முன் வரிசையில் ஒரு பெரிய கட்டும், அதன்மேல் சாய்ந்தபடி ஒரு சின்னக் கட்டும் இருந்தன. மற்றதெல்லாம் மெல்ல ஓய்ந்த பிறகும், சின்னது மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது.